தமிழ்ப்பள்ளி வகுப்பில் இன்ஃபோகிராஃபிக்: எந்தச் செயலி, தமிழ் எழுத்து உடையாமல் எப்படி?

செந்தூல் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 28 பேர். 10 குரோம்புக் கிடைக்கும், எல்லாரிடமும் டெலிமா (மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கு இருக்கிறது. அறிவியலில் ஒன்று, கணிதத்தில் ஒன்று என்று மாணவர்களையே இன்ஃபோகிராஃபிக் (படமும் சுருக்கமான சொல்லும் சேர்ந்த விளக்கத் தாள்) செய்ய வைக்கலாம் என்று திட்டம். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கேன்வா, பிக்டோசார்ட், கூகுள் ஸ்லைட்ஸ் மூன்றில் இந்த வயதுக்கு எது ஏற்றது?

தமிழில் தலைப்பு போட்டால் புள்ளி ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் நிற்கிறது. சில நேரம் எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் உருவம் மாறுவதே இல்லை. ஏன்?

பாடநூல் பத்தியை அப்படியே ஒட்டி, சுற்றிலும் ஸ்டிக்கர் நிரப்பிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பாடம் புரிந்ததா என்று அதிலிருந்து தெரியவில்லை. வகுப்பறை மதிப்பீட்டுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

கடைசியாக, ஏ3 தாளில் அச்சடித்தால் மங்கலாக வருகிறது.

பிறை அச்சகம்

வணக்கம் டீச்சர். எழுத்து, அச்சு இரண்டையும் நான் சொல்கிறேன். பாடம் நடத்துவதை ஆசிரியர்கள் சொல்லட்டும்.

எழுத்துரு மாற்றியும் உருவம் மாறவில்லை என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். செயலி தன்னிடம் இருக்கும் வேறு ஒரு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் போட்டுவிடுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதேதான் வரும். தமிழ் உள்ள எழுத்துருவைப் பெயர் சொல்லித் தேடுங்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை. தலைப்புக்கு பலூ தம்பி. கூகுள் ஸ்லைட்ஸில் எழுத்துருப் பட்டியலின் மேலே 'மேலும் எழுத்துருக்கள்' என்று இருக்கும். அதைத் திறந்து எழுத்து வகையில் தமிழைத் தேர்ந்தால் தமிழ் உள்ளவை மட்டும் வரும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மீரா இனிமை, பவனம் போன்றவற்றில் ஒரே தடிமன்தான் உண்டு. அவற்றைத் தடிப்பாக்கினால் செயலி தானாகவே கோட்டைப் பருமனாக்கும். அப்போது ணை, னை, றை போன்ற எழுத்துகளின் உள்வளைவு அடைபட்டுப் போகும். தடித்த எழுத்து வேண்டுமென்றால், முன்பு சொன்ன நோட்டோ, முக்தா மலர், கேட்டமரான் போல உண்மையாகவே பல தடிமன் உள்ளதை எடுங்கள்.

புள்ளியும் கொம்பும் விலகி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்து இடைவெளி. ஆயத்த டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக வடிவமைக்கப்பட்டவை, தலைப்பில் இடைவெளியைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதே பெட்டியில் தமிழை ஒட்டினால் அந்த அளவும் கூடவே வந்துவிடும். பெட்டியைத் தேர்ந்து எழுத்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள். வளைந்த எழுத்து, எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவு ஆகிய இரண்டையும் தமிழுக்குத் தவிர்ப்பது நல்லது. நாம் 'கொ' என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்குள் க ஒரு குறியீடு, ஒகரக் குறி இன்னொரு குறியீடு. இரண்டையும் தனித்தனியே நகர்த்தும் எந்த அலங்காரமும் எழுத்தைப் பிய்த்துவிடும். சொல் சொல்லாகத் தோன்றும் அசைவு பரவாயில்லை.

பழைய கேள்வித்தாளிலிருந்து எடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக வருகிறதா? அது பாமினி அல்லது வேறொரு பழைய குறியாக்கம். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், எழுத்துருவை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. மற்றபடி எங்கிருந்து ஒட்டினாலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டப் பழக்குங்கள். பழைய வடிவம் ஒட்டிக்கொண்டு வராது.

வரி இடைவெளி தமிழுக்கு 1.3 முதல் 1.4 வரை தேவை. டெம்ப்ளேட்டில் பெரும்பாலும் 1.0 அல்லது 1.1 இருக்கும். மேல் வரியின் கூ, ழு, று கீழே இறங்கி அடுத்த வரியின் கி, கீ வளைவில் மோதும்.

இனி அளவு. கேன்வாவில் 'இன்ஃபோகிராஃபிக்' என்று தேடினால் கிடைப்பது 800 × 2000 பிக்சல். அது திரையில் உருட்டிப் பார்ப்பதற்கான அளவு. ஏ3 தாளின் 420 மி.மீ. உயரத்துக்கு அதைப் பொருத்தினால் அகலம் 168 மி.மீ. மட்டுமே வரும், 297-இல் மீதி வெள்ளை. படமாகப் பதிவிறக்கியிருந்தால் அங்குலத்துக்கு சுமார் 120 புள்ளிதான். மங்கலுக்கு அதுவே காரணம். தொடங்கும்போதே 297 × 420 மி.மீ. என்று அளவைக் கொடுத்து வடிவமைத்து, அச்சுக்கான பிடிஎஃப் ஆகப் பதிவிறக்குங்கள். எழுத்தும் கோடும் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாக இருக்கும், புகைப்படம் மட்டும் அதன் சொந்த அளவைப் பொறுத்தது.

பவர்பாயிண்ட் பயன்படுத்துபவர்களுக்கு: ஸ்லைடு அளவில் ஏ3 என்ற ஆயத்தத் தேர்வு உண்மையான ஏ3 அல்ல. 35.56 × 26.67 செ.மீ. என்று வரும். ஏ4 தேர்வும் அப்படியே, 27.52 × 19.05. அதை நம்பாமல் 29.7, 42 என்று கையால் தட்டச்சு செய்யுங்கள்.

சுவரில் ஒட்டுவதா, திரையில் காட்டுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வசதியாகப் படிக்க, எழுத்தின் உயரம் பார்க்கும் தூரத்தில் 200-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 30 மி.மீ. தமிழ் எழுத்தின் உடல், செயலியில் நாம் கொடுக்கும் புள்ளி அளவில் (பாயிண்ட்) ஏறக்குறையப் பாதிதான், அதனால் 30 மி.மீ. வேண்டுமென்றால் 170 புள்ளி அளவு போட வேண்டும். ஏ3 தாளில் அந்த அளவில் ஒரு தலைப்பு மட்டும்தான் நிற்கும். ஆகவே ஏ3 என்பது அருகில் நின்று படிக்கிற தாள். தலைப்பு 72, உள்தலைப்பு 36, விளக்கம் 24, இதற்குக் கீழே இறங்க வேண்டாம். 24 புள்ளியை ஒரு மீட்டருக்குள் நின்றால் படிக்கலாம்.

ஜெலுத்தோங் அறிவியல்

எழுத்துப் பிரச்சினைக்கு ஐயா நன்றாகச் சொல்லிவிட்டார். செயலித் தேர்வு: உங்கள் நிலைமைக்குக் கேன்வா, அல்லது கூகுள் ஸ்லைட்ஸ். கேன்வாவின் கல்விப் பதிப்புக்குப் பள்ளி ஆசிரியர், மாணவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, டெலிமா கணக்கால் நுழையலாம். பிக்டோசார்ட் 2011-இல் நம் பினாங்கிலேயே தொடங்கிய நிறுவனம். அறிக்கை, தரவு வகை டெம்ப்ளேட்டுகள் அதில் நன்றாக இருக்கும். ஆசிரியர் தம் பயிற்றுத் துணைப்பொருளைச் செய்ய ஏற்றது. இலவசக் கணக்கில் பதிவிறக்க வரம்பு இருப்பதால் ஒரு வகுப்பே பயன்படுத்த ஒத்துவராது. இணையம் தள்ளாடும் பள்ளியில் ஸ்லைட்ஸ்தான் நம்பகம்.

ஆனால் பத்தியை ஒட்டும் பழக்கத்துக்கு விடை எந்தச் செயலியிலும் இல்லை. 'ஏடிஸ் கொசு' என்று தலைப்பைக் கொடுத்தால், எதை எடுப்பது எதை விடுவது என்று பிள்ளை முடிவு செய்ய ஓர் அளவுகோலும் இல்லை. எல்லாமே பொருத்தமாகத் தெரியும், எல்லாவற்றையும் ஒட்டும். தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்: 'வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை ஏன் வாரம் ஒரு முறை தேடி அழிக்க வேண்டும்?'

இப்போது விடைக்குத் தேவையானது தானாகவே சுருங்கும். முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த கொசு என்ற நான்கு நிலை. நம் வெப்பத்தில் முட்டை முதிர்ந்த கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். வாரம் ஒரு முறை நீரை அகற்றினால் சிறகு முளைப்பதற்கு முன்பே சுழற்சி அறுபடும். டெங்கிக் காய்ச்சலின் அறிகுறி, புகையடிப்பு, மருத்துவமனை எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை அல்ல. அவை வெளியே போக வேண்டும், ஏன் வெளியே போகின்றன என்று பிள்ளையே சொல்ல வேண்டும். கற்றல் பெரும்பாலும் அந்த நீக்கத்தில்தான் நடக்கிறது.

முதல் ஒரு மணி நேரத்தில் குரோம்புக்கைத் திறக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், பென்சில். முதலில் கேள்விக்கான விடையை ஒரே வாக்கியமாக எழுதட்டும். பிறகு அந்த விடைக்குப் பொருத்தமான சிந்தனை வரைபடத்தைத் தேர்ந்து வரையட்டும். படிநிலை என்றால் நிரலொழுங்கு, இரண்டை ஒப்பிட இரட்டிப்புக் குமிழி, வகைப்படுத்த மர வரைபடம், முழுமையும் பாகங்களும் என்றால் இணைப்பு. காரணமும் விளைவும் என்றால் பல்நிலை நிரலொழுங்கு. இவை நம் பிள்ளைகளுக்கு ஏற்கனவே கைவந்தவை. நல்ல இன்ஃபோகிராஃபிக்கின் எலும்புக்கூடு இவற்றில் ஒன்றுதான். டெம்ப்ளேட்டைப் பார்த்துவிட்டுப் பாடத்தை அதற்குள் திணிக்கும்போது, ஐந்து பெட்டி இருக்கிறதே என்று நான்கு நிலைச் சுழற்சிக்கு ஐந்தாவது நிலை ஒன்றைக் கற்பனையாகச் சேர்ப்பார்கள். எலும்புக்கூடு தாளில் இருந்தால் அது நடக்காது.

அடுத்து சொல் வரம்பு. தலைப்பு நீங்கலாக 50 சொல். பாடநூல் பத்தி அதற்குள் அடங்காது, அதனால் சொந்தமாகச் சுருக்கியே ஆக வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் தாளை வேறு குழுவிடம் கொடுத்து, எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு இடத்தில் தொட்டால் அமைப்பு சரியில்லை.

இரண்டாவது மணி நேரம் செயலியில். 28 பேரை 9 குழுவாக்குங்கள், எட்டுக் குழுவில் மூவர், ஒன்றில் நால்வர். ஒரு குரோம்புக் உங்கள் கையில் மீதி இருக்கும், ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் மாற்றிக்கொடுக்கலாம். நீங்களே ஒரு வெற்றுச் சட்டகம் செய்து, பின்புலத்தையும் விடை வாக்கியத்துக்கான பட்டையையும் பூட்டிவிட்டு, டெம்ப்ளேட் இணைப்பாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி நகல் வரும். எல்லாரையும் ஒரே கோப்பில் விட்டால், ஒரு குழு தவறாக அழித்த பக்கம் இன்னொரு குழுவின் பக்கமாக இருக்கும். யார் செய்தார்கள் என்பதிலேயே நேரம் போய்விடும்.

செய்யும் வரிசையை நீங்களே அறிவியுங்கள்: எழுத்து, அம்புக்குறி, படம், கடைசிப் பத்து நிமிடத்தில் நிறம். படத்தில் தொடங்கினால் அரை மணி நேரம் தேடலிலேயே கரையும். நிறம் மூன்று, எழுத்துரு இரண்டு. ஒரே வடிவ அம்புக்குறி தாள் முழுவதும் ஒரே பொருளைத்தான் சொல்ல வேண்டும். 'அடுத்து இதுவாக மாறும்' என்பதற்கும் 'இந்தப் பகுதியைப் பார்' என்பதற்கும் ஒரே அம்பைப் போட்டால், பார்ப்பவர் வாளியும் கொசுவாக மாறும் என்று படிப்பார். பெயரைப் படத்தின் ஓரமாகவே எழுதச் சொல்லுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே விளக்கம் தந்தால் கண் மேலும் கீழும் அலைந்து, நினைவின் ஒரு பகுதி அந்தத் தேடலிலேயே செலவாகும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் படமும் சொல்லும் சேர்ந்த கற்றல் பற்றிச் செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. பாடத்தோடு தொடர்பில்லாத கவர்ச்சியான படங்கள் கற்றலைக் குறைக்கின்றன என்பதையும் அவை சொல்கின்றன. ஸ்டிக்கரைத் தடுக்க உங்களுக்கு இது போதுமான காரணம்.

தமிழில் தேடினால் படம் குறைவாகவே வரும், மலாயிலோ ஆங்கிலத்திலோ தேடட்டும். வந்த படம் சரியானதா என்று நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். கொசுவின் இளம்புழு என்று வருவதில் அனோபிலிஸ் என்ற வேறு வகைக் கொசுவின் இளம்புழுவும் கலந்திருக்கும். அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். ஏடிஸ் இளம்புழு மூச்சுக்குழலை மேலே வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். முதிர்ந்த ஏடிஸுக்குக் காலில் கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும். பழுப்பு நிறக் கொசுவின் படத்தை ஒட்டிவிட்டு ஏடிஸ் என்று பெயரிட்டால் அறிவியல் தவறு.

மதிப்பீட்டுக்கு: அழகுக்கு அடைவுநிலை கொடுக்காதீர்கள். அச்சடித்த தாளில் எழுத்துகளைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, படத்தையும் அம்பையும் மட்டும் பார்த்து விளக்கச் சொல்லுங்கள். வரிசை சரியாக வந்தால் அடிப்படை புரிந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு கேள்வி: 'வாளி காய்ந்துவிட்டது, முட்டை என்ன ஆகும்?' ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும், மீண்டும் நீர் படும்போது பொரியும். அதனால் நீரைக் கொட்டினால் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே வந்து சேர்ந்தால், அந்தத் தாளில் அதற்கென இன்னொரு பெட்டியைச் சேர்க்க அனுமதி கொடுங்கள். உயர் அடைவுநிலைக்கு அதுதான் சான்று. குழு வேலை என்பதால் ஏ4 தாளையும் வாய்மொழி விளக்கத்தையும் ஆளுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

எண் கணக்கு, சிகாம்புட்

கணிதப் பகுதிக்கு மட்டும் என் பங்கு.

தரவைக் கையாளுதலில் செயலி செய்யும் பெரிய கேடு, பட்டைக் குறிவரைவின் அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் விடுவது. பிள்ளைகளுக்கே கண்கூடாகக் காட்டலாம். கோலாலம்பூர் கோபுரம் 421 மீட்டர், இரட்டைக் கோபுரம் 451.9, மெர்டேக்கா 118 கட்டடம் 678.9. அச்சு 0-இல் தொடங்கினால் மெர்டேக்கா 118-இன் பட்டை கோலாலம்பூர் கோபுரத்தைப் போல் 1.6 மடங்கு. அதே எண்களை 400-இல் தொடங்கும் அச்சில் போடுங்கள், 13 மடங்கு உயரமாகத் தெரியும். ஓர் எண்ணும் மாறவில்லை, படம் மட்டும் பொய் சொல்கிறது. கூகுள் ஷீட்ஸில் வரைபடத் திருத்தியில் செங்குத்து அச்சைத் திறந்து, குறைந்தபட்ச மதிப்பில் 0 என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும். வரைபடத்தை ஷீட்ஸில் செய்து ஸ்லைட்ஸில் செருகுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எண்ணைத் திருத்தினால் 'புதுப்பி' பொத்தானை அழுத்தினாலே படமும் மாறும்.

படக்குறிவரைவில் வேறொரு தவறு வரும். 10 பேருக்கு ஒரு ஆரஞ்சு, 20 பேருக்கு இரு மடங்கு பெரிய ஆரஞ்சு என்று மூலையைப் பிடித்து இழுப்பார்கள். உயரம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்கு, கண் பரப்பளவைத்தான் பார்க்கிறது. படத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு என்ற விதியை 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் வகுத்தார். இன்றைக்கும் அதை மீறக் காரணமில்லை. ஒரு படத்தை ஒட்டி, நகலெடுத்து, வரிசையாக்கும் பொத்தானால் சம இடைவெளியில் நிறுத்தப் பழக்குங்கள். 28 பேரின் கருத்துக் கணிப்புக்கு 'ஒரு படம் 2 மாணவர்' என்ற குறிப்பு வசதி. ஒற்றைப்படை வந்தால் பாதிப் படம் தேவைப்படும், ஆகவே பாதியாக வெட்டினாலும் அடையாளம் தெரியும் படத்தைத் தேர்வு செய்யட்டும். ஆரஞ்சு சரி, பூனை சரிப்படாது.

வட்டக் குறிவரைவு முழுமையின் பங்குகளுக்கு மட்டும். சுகாதார அமைச்சின் சுக்கு சுக்கு செபாரு தட்டு அதற்கு மிகப் பொருத்தம்: கால் பங்கு சோறு போன்ற மாவுச்சத்து, கால் பங்கு மீன், கோழி, பருப்பு, பாதி காய்கறியும் பழமும். கூட்டினால் ஒன்று வருகிறது. 'பிடித்த இரண்டு விளையாட்டைச் சொல்' என்ற கணிப்பை வட்டத்தில் போடக்கூடாது, விடைகள் 28-ஐத் தாண்டிவிடும், பட்டைதான் வேண்டும். முப்பரிமாண வட்டத்தை எப்போதும் தவிர்க்கவும். முன்பக்கத் துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

செந்தூல் டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. 'வாரம் ஒரு முறை ஏன்' கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சிறு கேள்விகள். பெற்றோருக்குக் கொடுக்கும் பிரதி கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான், நிறத்தை நம்ப முடியாது. வாட்ஸாப்பிலும் அனுப்ப வேண்டும். அடுத்து, செயலிக்குள் இருக்கும் ஏஐ வசதியால் படம் வரையச் சொன்னால் தமிழ் எழுத்து போல ஏதோ கிறுக்கலாக வருகிறது.

பிறை அச்சகம்

ஜெராக்ஸில் நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் ஒரே சாம்பலாக விழும். சிவப்பு 'ஆபத்து', பச்சை 'பாதுகாப்பு' என்று பிரித்திருந்தால் வேறுபாடே போய்விடும். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கும் இதே கதி. ஒவ்வொரு நிறத்தோடும் ஒரு வடிவம் அல்லது சொல்லைச் சேர்த்துவிடுங்கள்: ஆபத்துக்குப் பெருக்கல் குறி, சரியானதற்குச் சரிக்குறி. அடர் பின்புலத்தில் வெள்ளை எழுத்து ஜெராக்ஸில் திட்டுத் திட்டாக வரும், வெளிர் பின்புலத்தில் கறுப்பு எழுத்து வையுங்கள். அனுப்பும் முன் ஒரு பிரதி கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஏ3-ஐ ஏ4-ஆகச் சுருக்கினால் 24 புள்ளி எழுத்து 17 ஆகிவிடும், கையில் வைத்துப் படிக்க அது போதும்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், சிறிய தமிழ் எழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும். ஆவணமாக இணைத்து பிடிஎஃப் அனுப்புங்கள். கியூஆர் குறியீடு வைப்பதாக இருந்தால், பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு பக்க அளவு: ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுக்க 10 செ.மீ., கையில் இருக்கும் தாளுக்கு 2.5 செ.மீ. நான்கு பக்கமும் வெள்ளை விளிம்பு விட வேண்டும், அலங்காரச் சட்டம் அதைத் தொட்டால் பல கைப்பேசிகள் படிக்காது.

ஜெலுத்தோங் அறிவியல்

ஏஐ படத்தில் எழுத்தே வேண்டாம் என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். படம் வந்த பிறகு பெயர்களை எழுத்துப் பெட்டியில் நீங்கள் இடுங்கள். அது எழுத்தை எழுதுவதில்லை, எழுத்தின் தோற்றத்தை வரைகிறது, அதனால்தான் கிறுக்கல். உறுப்பு எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். கொசுவுக்கு எட்டுக் கால், நான்கு சிறகு என்றெல்லாம் வரைந்துவிடும். ஆறு கால், இரண்டு சிறகு இருக்க வேண்டும். அப்படித் தவறாக வந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, பாடத் தொடக்கத்தில் 'இதில் என்ன தவறு' என்று கேட்கலாம். நல்ல பீடிகையாக அமையும்.

மாணவர் பெயர், முகம் இருக்கும் தாளைப் பொது இணைப்பாகப் பகிர வேண்டாம். குழு எண் மட்டும் போட்டு, இணைப்பைப் பள்ளிக்குள் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி அமைத்துவிடுங்கள்.